சாமிக்கு முந்திய ஒரு பிடி பொங்கல்

வேப்பனப்பள்ளிப் பக்கத்து அந்த ஊரில் கோவிந்தப்பன் வீட்டுக்குப் போய் வெறும் வயிற்றோடு திரும்பியவர் கிடையாது. மாங்காய் பறிக்க வரும் கூலியாள், கரண்ட் ரீடிங் எடுக்க வருபவர், வழி தவறி வந்த லாரி டிரைவர், யாராக இருந்தாலும் ஒரு உருண்டை களியாவது உள்ளே போயாக வேண்டும். "சாப்ட்டியா?" என்று அவர் கேட்டால் அது கேள்வி அல்ல, உட்கார் என்று அர்த்தம். அந்த வீட்டில்தான் வேளை தவறாமல் சாப்பிட்டே தீர வேண்டிய வியாதியோடு ஒரு பெண் வளர்ந்தாள்.

முனிலட்சுமிக்குச் சர்க்கரை வியாதி வந்தபோது எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். வயசானவர்கள் மாத்திரை போட்டுக்கொண்டு சமாளிக்கிற சர்க்கரை அல்ல அது. ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கு முன்னாலும் வயிற்றில் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். போட்ட பிறகு சாப்பாடு தள்ளிப்போனால் அந்த ஊசியே ஆளைக் கீழே சாய்த்துவிடும். கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் இதைக் கேட்டுக்கொண்டு வந்த அன்றே கோவிந்தப்பன் வீட்டுக்குள் சட்டம் போட்டுவிட்டார்.

"வெளிய ஒருத்தருக்கும் மூச்சு வுடக்கூடாது. நாளைக்கு இவள ஒருத்தன் கையில புடிச்சுக் குடுக்கணும்."

அவர் மனைவி நாகம்மா தலையாட்டினாள். அண்ணன் தம்பி, பங்காளி, சம்பந்தி யாருக்கும் தெரியாமல் அந்த ஊசி டப்பா வருஷக்கணக்காக ஃப்ரிட்ஜில் வெண்ணெய்க் கிண்ணத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. ரகசியம் காப்பதில் கோவிந்தப்பனை மிஞ்ச ஆளில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர்ப் பெண்கள் எல்லாம் கம்பெனி பஸ் ஏறியபோது முனிலட்சுமியும் பி.காம். முடித்த கையோடு ஏறினாள். செல்போனுக்குச் சில்லறைச் சாமான் பொருத்தும் கம்பெனி. அங்கே லைனை விட்டு நகர வேண்டுமென்றால் மாற்று ஆள் வந்து நிற்க வேண்டும். ஒருநாள் மாற்று ஆள் வரவில்லை, ஆனால் மயக்கம் வந்துவிட்டது. கையிலிருந்த தட்டோடு அப்படியே சரிந்தாள். நர்ஸ் பையைத் திறந்தாள், ஊசியைப் பார்த்தாள், இனி வர வேண்டாம் என்று கம்பெனி காரிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கார் வந்து இறங்கியதால் ஊரில் ஏதோ பெரிய உத்தியோகம் என்று நினைத்துக்கொண்டார்கள். அந்த மட்டும் லாபம்.

இனி உட்கார்ந்து செய்கிற ஆபீஸ் வேலைதான் என்று ஓசூரில் படியேறாத கட்டடம் இல்லை. எல்லா இடத்திலும் முதல் கேள்வி, "எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?" பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்கிற கதைதான். ஒரே ஒரு இடத்தில் அனுபவம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றார்கள். அந்தச் சந்தோஷத்தில் அவள் தன் உடம்பைப் பற்றிச் சொல்லிவிட்டாள். எதிரே இருந்த அம்மாள் முகத்தில் அவ்வளவு கருணை பொங்கியது. "பாத்துக்கோம்மா, கூப்பிடறோம்" என்றாள். கூப்பிடவே இல்லை. உண்மை பேசினால் கிடைப்பது கருணை மட்டும்தான், வேலை இல்லை என்பது அன்றைக்கு அவளுக்குத் தெளிவாகப் புரிந்தது.

அதனால் சூளகிரியைத் தாண்டி ஹைவே ஓரத்தில் இருந்த கமலக்கண்ணனின் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் வேலை கிடைத்தபோது வாயைத் திறக்கவில்லை. பின்னால் பெட்டி அடிக்கும் மெஷின்கள், முன்னால் சின்ன ஆபீஸ். மாம்பழ சீசன் உச்சத்தில் இருந்தது. வண்டிக்கு வண்டி பெட்டி போய்க்கொண்டிருந்ததால் பில் போட ஆள் அவசரமாகத் தேவைப்பட்டது. "தெரியாட்டி கத்துக்கலாம் விடு" என்றார் கமலக்கண்ணன். அந்த ஒரு வார்த்தைக்காக முனிலட்சுமி அவர் படத்தை வைத்துக் கும்பிட்டிருப்பாள்.

விருதுநகரிலிருந்து வந்து ஓசூரில் குடியேறிவிட்ட ஜெயமணி அக்காதான் வேலை கற்றுக்கொடுத்தாள். சரக்கு வண்டிக்கு இ-வே பில் போடுவது, வண்டி நம்பரைச் சரிபார்ப்பது, சலான் கிழிப்பது. வேலை முனிலட்சுமி கைக்கு அடங்கி வந்தது. மதியம் சாப்பாட்டுக்கு முன்னால் பாத்ரூமுக்குள் போய் ஊசியைப் போட்டுக்கொண்டு, முகம் கழுவியவள் போல வெளியே வருவாள். பை எப்போதும் காலடியில் இருக்கும், பைக்குள் குளுக்கோஸ் பாக்கெட் இருக்கும். முதலாளியின் மனைவி சரோஜம்மாள் கன்னடக்காரி. ஆபீஸ் பக்கம் வந்தால் எல்லோரிடமும் "ஊட்டா ஆயித்தா?" என்று கேட்பாள். சாப்பிட்டாயிற்றா என்று அர்த்தம். தன் அப்பா குரலைக் கன்னடத்தில் கேட்பது போல இருக்கும் முனிலட்சுமிக்கு.

இந்த வேலை நிலைத்துவிட்டால் போதும். ஒரு வருஷம் தள்ளிவிட்டால் எக்ஸ்பீரியன்ஸ் என்கிற அந்த மந்திரச் சொல் கைக்கு வந்துவிடும். அப்புறம் எங்கே வேண்டுமானாலும் போகலாம். அவளுடைய பேராசையெல்லாம் இவ்வளவுதான்.

அப்போதுதான் அமாவாசை வந்தது.

அந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் அமாவாசை பூஜை தவறினால் மெஷினே ஓடாது என்பார்கள். ஆபீஸைக் கழுவிவிட்டு, எல்லோருடைய பைகளையும் சாப்பாட்டுக் கூடைகளையும் ஸ்டோர் ரூமில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். பூஜை முடியும்வரை யாருக்கும் பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் படக்கூடாது.

"பூஜை எப்பக்கா முடியும்?" என்று முனிலட்சுமி மூன்றாவது தடவையாகக் கேட்டாள்.

"அய்யரு வந்தா கால் மணி நேரந்தாம்ட்டி. உடனே சாப்பாடுதான். ஏன் இப்படிப் பறக்கே?"

முனிலட்சுமி ஊசியை மட்டும் துப்பட்டாவில் முடிந்து வைத்திருந்தாள்; குளுக்கோஸ் பாக்கெட் பையோடு ஸ்டோர் ரூமுக்குள் போய்விட்டது. வாசலில் ஐயரின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் பாத்ரூமுக்குப் போய்ப் போட்டுக்கொண்டாள். அவள் செய்த தப்பு அவ்வளவுதான். ஐயர் வந்தார், ஆனால் உள்ளே வரவில்லை. கமலக்கண்ணன் புதிதாக ஒரு மினி லாரி வாங்கியிருந்தார். முதலில் அதற்குப் பூஜை. பிறகு ஒவ்வொரு மெஷினுக்கும் சந்தனம் குங்குமம். பிறகு ஐயருக்கு ஒரு போன். அமாவாசையன்று ஐயர்மாருக்கு இருக்கிற கிராக்கி கலெக்டருக்குக்கூட இருக்காது.

சுவரில் இருந்த காலண்டர் எழுத்துகள் முனிலட்சுமிக்கு அசைய ஆரம்பித்தன. கழுத்தில் வேர்வை வழிந்தது. விரல்கள் தாமாக ஆடின. ஸ்டோர் ரூம் சாவி கமலக்கண்ணன் இடுப்பில் இருந்தது. அவர் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார். கேட்கலாம். எதற்கு என்பார். என்ன சொல்வது? லைனில் விழுந்த நாள் ஞாபகம் வந்தது. விழுந்தால் பையைத் திறப்பார்கள். விழக்கூடாது, என்ன ஆனாலும் விழக்கூடாது.

சாமி படத்துக்கு முன்னால், இலை போட்டு மூடிய பாத்திரத்தில் சர்க்கரைப் பொங்கல் இருந்தது.

ஐயர் மணியைக் கையில் எடுத்த நேரம், முனிலட்சுமி இலையைத் தள்ளி ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். சூடு நாக்கைச் சுட்டது. மெல்லாமல் விழுங்கிவிட்டு இன்னொரு பிடி அள்ளினாள். மணி நின்றுவிட்டது. சாமி ஒன்றும் சொல்லவில்லை. பேசியதெல்லாம் மனிதர்கள்தான்.

"ஏய்! சாமிக்குப் படைக்கல இன்னும்!" என்று கமலக்கண்ணன் கத்தினார். "அமாவாசையும் அதுவுமா என்னா காரியம் பண்ற?"

சரோஜம்மாள் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள். கை நடுங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள், வேர்வையைப் பார்த்தாள், தாயுள்ளம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது.

"பசியாம்மா? காலையில ஏதும் சாப்பிடலியா?"

வழி கிடைத்துவிட்டது. முனிலட்சுமி அதற்குள் நுழைந்துகொண்டாள். "பசிச்சுதுங்கம்மா."

"வீட்டுல கஷ்டமா?"

முனிலட்சுமி தலையாட்டினாள். வியாதிக்காரி என்பதைவிடப் பட்டினிக்காரி என்பது மேல் என்று அந்த நேரத்தில் தோன்றியது. யாருக்குத்தான் தோன்றாது?

"பசி வந்தா பத்தும் பறந்துபோகும்னு சொல்வாங்க, விடுங்கோ" என்று ஐயரே சமாதானம் சொல்லி, வாழைப்பழத்தை வைத்துப் பூஜையை முடித்தார். சரோஜம்மாள் மிச்சப் பொங்கலை இலை நிறைய வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து கண்கலங்க ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தாள். நின்றிருந்தவர்கள் எல்லாம் அவள் தின்பதைப் பார்த்தார்கள். முனிலட்சுமி அவமானத்தில் இலையை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. ஆனாலும் வேலை தப்பித்தது. அன்று பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதுகொண்டே அவள் சந்தோஷப்பட்டாள்.

அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுள் கொஞ்சம்தான். இரண்டொரு நாளில் ஒரு சாயங்காலம், அந்தப் பக்கம் பெட்டி இறக்கப் போன கம்பெனி வேன் கோவிந்தப்பன் வீட்டு வாசலில் நின்றது. டிரைவர் ஒரு மூட்டை அரிசியையும், பருப்பு, எண்ணெய் நிறைந்த ஒரு பையையும் இறக்கி வைத்தான்.

"என்னாப்பா இது?" என்று கேட்டார் கோவிந்தப்பன். எதிர்வீட்டில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"சரோஜம்மா குடுத்து வுட்டாங்க. உங்க பாப்பா பசி தாங்காம சாமி பொங்கல எடுத்துத் தின்னுடுச்சாமே? ஊட்ல ரொம்ப கஷ்டம்னு சொல்லுச்சாம். அம்மா அழுவறாங்க."

கோவிந்தப்பன் அவனிடமும் பழக்கதோஷத்தில் "சாப்ட்டுட்டுப் போ" என்றார். அவன் "உங்களுக்கே இல்லாதப்ப எதுக்குங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். எதிர்வீட்டில் யாரோ சிரித்தார்கள்.

முனிலட்சுமி வந்து நடந்ததைச் சொன்னாள். சொல்லிவிட்டு அப்பாவின் காலடியில் உட்கார்ந்தாள்.

"அரிசிய வச்சுக்கலாம்பா. சீசன் முடியறதுக்குள்ள மாம்பழமா திருப்பிக் குடுத்துடலாம். நீங்க ஒண்ணும் கேக்காதீங்க. எனக்கு இந்த வேலை வேணும்பா."

"நம்ம தோட்டத்துல தின்னுட்டுப் போனவன் எத்தினி பேரு!" என்றார் கோவிந்தப்பன். அதற்கு மேல் பேசவில்லை. அந்த மௌனத்தை முனிலட்சுமி சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். நாகம்மா அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. "உங்கப்பன் சாப்புடாம எழுந்துட்டாருடி" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலையில் முனிலட்சுமி பில் போட்டுக்கொண்டிருந்தபோது பழக்கமான மொபெட் சத்தம் கேட்டது. ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். பின்னால் அரிசி மூட்டையும் பருப்புப் பையும், முன்னால் கால் வைக்கும் இடத்தில் ஒரு பெட்டி மாம்பழம், நடுவில் வெள்ளை வேட்டி கட்டிய அப்பா. எழுந்து ஓடுவதற்குள் அவர் உள்ளே வந்துவிட்டார்.

"வணக்கமுங்க. நான் முனிலட்சுமி அப்பன். உங்க நல்ல மனசுக்கு நூறு கும்புடு. இது எங்க தோட்டத்துப் பழம். அரிசிய எடுத்துக்குங்க, எங்களுக்கு வேண்டாம்."

"இருக்கட்டும் பெரியவரே" என்றார் கமலக்கண்ணன். "கஷ்டம் எல்லாருக்கும் வர்றதுதான். பசின்னு புள்ள சொல்லும்போது..."

"அப்பா, வாங்கப்பா வெளிய" என்று முனிலட்சுமி அவர் கையைப் பிடித்தாள்.

அந்தப் 'பசி' என்ற சொல்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. கோவிந்தப்பன் கையை உதறிக்கொண்டார்.

"எங்கூட்டுப் பொண்ணுக்கு ஏதுங்க பசி? ஊருக்கே சோறு போட்ட குடும்பமுங்க எங்களுது. அதுக்குச் சக்கரை வியாதி. சின்னதுல இருந்து ஊசி போடுது. அன்னிக்கு ஊசி போட்டுக்கிச்சு, உங்க பூஜை லேட்டாயிடுச்சு, மயக்கம் வந்துடுச்சு. அதுக்குத்தான் எடுத்துத் தின்னுச்சு. பட்டினியால இல்லீங்க!"

கூடப் பிறந்த தம்பியிடம்கூடச் சொல்லாததை, முன்பின் தெரியாதவர்கள் நடுவே கோவிந்தப்பன் உரக்கச் சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்றார். மகளுடைய கல்யாணத்துக்காகக் கட்டிக்காத்த ரகசியம், ஒரு மூட்டை அரிசிக்கு முன்னால் நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டது.

கமலக்கண்ணன் அவருக்கு மரியாதையாகக் காபி வரவழைத்துக் கொடுத்தார். கோவிந்தப்பன் குடித்துவிட்டு, எல்லோருக்கும் கும்பிடு போட்டு, மனபாரம் இறங்கியவராக வெளியே போனார். அதன் பிறகுதான் முனிலட்சுமியைக் கூப்பிட்டார்கள்.

"முதல்லயே சொல்லியிருக்கலாம்மா" என்றார் கமலக்கண்ணன். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் அவள் கெஞ்சியிருப்பாள். "மெஷின் ஓடற எடம். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் தலைதான் உருளும். மொதல்ல ஒடம்பப் பாரு."

"வேளைக்குச் சாப்பிட்டா ஒண்ணும் ஆவாதுங்க சார். பை மட்டும் கிட்ட இருந்தா போதும். நானே பாத்துக்குவேன்."

"சரியாகட்டும், அப்புறம் வா."

இது சரியாகிற வியாதி இல்லை. அதை எப்படிச் சொல்வது? சரோஜம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜெயமணி அக்கா சலான் கட்டை வாங்கிக்கொண்டு, "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா" என்றாள். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாள் என்று அவளுக்கும் தெரியாது. இங்கே வேலை பார்த்தேன் என்று ஒரு தாள் எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாமா என்று முனிலட்சுமி நினைத்தாள். ஒரு மாதம்கூட ஆகாததற்கு எக்ஸ்பீரியன்ஸ் என்றா பேர் என்று கேட்பார்கள். கேட்காமலே வந்துவிட்டாள்.

வெளியே கோவிந்தப்பன் மொபெட்டில் சாய்ந்து நின்று வாட்ச்மேனுக்கு ஒரு மாம்பழத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார். முகம் தெளிந்திருந்தது.

"பாத்தியா கண்ணு, எவ்ளோ மரியாதையா பேசுனாங்க. இனிமே எவனும் நம்மளப் பட்டினின்னு சொல்லமாட்டான்." அப்போதுதான் அவள் தோளில் கிடந்த பையையும் கையில் இருந்த சாப்பாட்டுக் கூடையையும் கவனித்தார். "என்னா, பையத் தூக்கிக்கினு வந்துட்ட? வேலை இல்லியா இன்னிக்கு?"

முனிலட்சுமி அவரைப் பார்த்தாள். கொட்டிவிடலாம் போல ஆத்திரம் வந்தது. நேற்று இரவிலிருந்து சாப்பிடாத முகம் அது. இன்றைக்குத்தான் மறுபடி சிரிக்கிறது. அதில் எங்கே கொட்டுவது?

"பசிக்குதுப்பா" என்றாள். "வீட்டுக்குப் போலாம்."

"பசியா?" கோவிந்தப்பன் பதறிப்போனார். மறுபேச்சுப் பேசாமல் மொபெட்டை உதைத்துக் கிளப்பினார்.