என் பழைய நம்பரை வைத்திருப்பவர்

“டூரிஸ்டா சார்?” என்று கேட்டார் சிம் கார்டு கவுண்டரில் இருந்த பெண். சென்னை விமான நிலையம், காலை ஒன்பது மணி. என் கையில் பிரெஞ்சு பாஸ்போர்ட், வாயில் என் ஊரான கோட்டுச்சேரியின் தமிழ். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீட்டில் பெண் எடுத்தவன் நான். எங்கள் காரைக்காலில் பிரான்சுக்குப் போக அது ஊரறிந்த வழி. அதற்காகப் பிறந்த மண்ணுக்கு வருகிறவனை டூரிஸ்ட் என்றால் கோபம் வராதா? வந்தது. ஆனாலும் “ஆமாங்க” என்றேன். எனக்கு உடனே ஒரு இந்திய நம்பர் வேண்டும். அம்மாவிடம் பேச வேண்டும்.

அம்மாவிடம் பேசி இரண்டு வருஷமாகிவிட்டது. அப்பா இறந்தபோது, லீவு கிடைத்து டிக்கெட் எடுத்து நான் கிளம்புவதற்குள் இங்கே எல்லாம் முடிந்துவிட்டது. மூத்தவன் நான் வைக்க வேண்டிய கொள்ளியைத் தம்பி வைத்தான். போனில் அவன் ஒன்று சொல்ல, நான் ஒன்பது சொன்னேன். அதோடு அவன் என் அழைப்பை எடுப்பதில்லை. அதுவரை அவன் போனில்தான் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் தனியாக ஒரு பட்டன் போன் உண்டு. வெளிநாட்டு நம்பர் என்றால் எடுக்காதே, எல்லாம் மோசடிக்காரர்கள் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்த யாரோ யார் என்று எனக்குத் தெரியாதா? நம் நாட்டு நம்பரிலிருந்து கூப்பிட்டால் எடுப்பாள் என்ற ஒரே நம்பிக்கையில், யாருக்கும் சொல்லாமல் விமானம் ஏறியிருந்தேன்.

கவுண்டரில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கேமராவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டச் சொன்னார்கள். சிமிட்டினேன். பிறகு, இங்கே தங்கப்போகும் விலாசம்.

“காரைக்கால்… தமிழ்நாடுதானே சார்?”

“இல்லங்க. புதுச்சேரி.”

“ஓ, பாண்டிச்சேரிக்குப் பக்கமா?”

“அதுவும் இல்ல. நாகப்பட்டினத்துக்குப் பக்கம்.”

“நாகப்பட்டினம் தமிழ்நாடாச்சே சார்?”

“மூணு பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். நடுவுல நாங்க.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எதையோ அழுத்தினார். பள்ளிக்கூட நாளிலிருந்து இந்த விளக்கத்தைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

விலாசம் முடிந்ததும், உள்ளூரில் தெரிந்தவர் ஒருவருடைய நம்பர் கேட்டார். அந்த நம்பருக்கு ஓ.டி.பி. போகும், அவர் அதைப் படித்துச் சொன்னால்தான் சிம் கிடைக்கும். தம்பியின் நம்பரைச் சொன்னேன். அந்தப் பெண்ணே தன் போனிலிருந்து மூன்று முறை அடித்துப் பார்த்தார். தெரியாத நம்பரைத் தம்பி எடுக்கவில்லை. அம்மாவுக்கு ஓ.டி.பி. போனால் அவளுக்குப் படிக்கத் தெரியாது. என் கூட்டாளிகளோ ஒருவன் துபாயில், மற்றவர்கள் பாரீசில். மனைவி வீட்டார் மொத்தமும் அங்கேதான்.

விமான நிலையத்து வைஃபையில் நுழையலாம் என்றால் அதற்கும் இந்திய நம்பர் கேட்டது. என் பிரெஞ்சு சிம் இங்கே வேலை செய்யாது. வெளியே போய் யாரையாவது கேட்கலாம் என்றால், ஒருமுறை வெளியே போனவரைத் திரும்ப உள்ளே விடமாட்டார்கள்; பாஸ்போர்ட் உள்ளே இருக்கிறது. ஊருக்குப் போக பிரான்சிலிருந்தே இணையத்தில் பதிவு செய்திருந்த வண்டியின் ஓட்டுநர் வெளியே எங்கோ காத்திருந்தார். என்னைக் கட்டிப்போட ஒரு கயிறு கூடத் தேவைப்படவில்லை.

அந்தப் பெண்ணின் போனை இரவல் வாங்கி அம்மாவைக் கூப்பிட்டிருக்கலாம். இரண்டு வருஷம் கழித்துப் பேசும் முதல் பேச்சை, முதுகுக்குப் பின்னால் வரிசை முணுமுணுக்கும்போது பேச மனம் வரவில்லை. அந்த வீம்புக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை எனக்கு.

“வேற ஏதாச்சும் ஒரு நம்பர் சொல்லுங்க சார், பின்னாடி ஆள் நிக்கறாங்க.”

வாய் தானாக ஒரு நம்பரைச் சொன்னது. திரையில் பார்த்த பிறகுதான் உறைத்தது. அது என் சொந்த நம்பர். ஊரில் இருந்தபோது வைத்திருந்து, அம்மாவின் பட்டன் போனிலும் பதிந்து கொடுத்து, பிரான்சுக்குப் போன பிறகு ரீசார்ஜ் செய்யாமல் விட்டது. அதற்குள் ஓ.டி.பி. போய்விட்டது. அந்தப் பெண் அதே நம்பருக்கு அடித்து ஸ்பீக்கரில் போட்டார். ஒரு ஆண் குரல் எடுத்தது.

“ஏர்போர்ட்ல இருந்து பேசறோம் சார். உங்க போனுக்கு ஒரு ஓ.டி.பி. வந்திருக்கும்…”

“வந்துருக்கு. அத ஒங்ககிட்ட சொல்றதுக்கு நான் என்ன கேனையனா?”

வைத்துவிட்டார். இன்னொரு தடவை அடிக்கச் சொல்லிக் கெஞ்சி, போனை நானே வாங்கினேன்.

“அண்ணே, வச்சுடாதீங்க. இது முன்னாடி என் நம்பருண்ணே. எனக்குக் காரைக்கால், கோட்டுச்சேரி. பிரான்சுலேருந்து வந்துருக்கேன்.”

காற்றுச் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் மாறியது.

“கோட்டுச்சேரியா?” என்றார். “தெனம் இந்த நம்பருக்கு அடிக்கிற அம்மா… அவங்க மவனா நீங்க?”

“ஆமாண்ணே” என்றேன். அவர் காரைக்கால் கடற்கரைக்காரர், படகுத் தொழிலாளி. வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருந்தாராம். நம்பர் தன் கைக்கு வந்த நாளிலிருந்து நடந்ததைக் குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோலச் சொன்னார்.

“ராங் நம்பர்னு சொல்லிப் பாத்தேங்க. கோட்டுச்சேரிலேருந்து பேசறேன், பிரான்சுல இருக்குற எம் மவன் நம்பருதான் இதுன்னாங்க. மறுநாளும் அடிச்சாங்க. சாப்பிட்டியாப்பான்னு கேப்பாங்க. இல்லம்மா, நான் வேற ஆளுன்னா அழுவுறாங்க. ஒருநாளு சாப்பிட்டேம்மான்னு சொல்லிட்டேன். செரின்னு வச்சிட்டாங்க. அதுலேருந்து டெய்லி அப்புடித்தான். ரெண்டு வருசமாச்சு. வேற ஒண்ணும் பேசுனதில்லைங்க. இன்னைக்குக் காலையில கூட அடிச்சாங்க.”

பிறகு ஆறு எண்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்தப் பெண் தட்டினார். பாஸ்போர்ட் கைக்கு வந்தது.

சிம் வேலை செய்ய அரை மணி நேரம் ஆனது. ஒரு தூணோரம் பெட்டிமேல் உட்கார்ந்து அம்மாவுக்கு அடித்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

“யாரு?”

“நாந்தாம்மா.”

“எந்த நாந்தான்?”

“ஒன் பெரிய மவன். மெட்ராசுக்கு வந்துட்டேம்மா. சாயங்காலம் வீட்டுல இருப்பேன்.”

“இந்தாங்க, எம் பெரியவன் பிரான்சுல இருக்கான். காலையிலதான் எங்கிட்டப் பேசுனான், சாப்பிட்டேன்னான். எம் புள்ள கொரலு எனக்குத் தெரியாதா? நம்பரு கிம்பரு கேப்பீங்க, அதுக்குத்தானே. வைங்க போன.”

திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை. பத்துத் தடவையாவது அடித்திருப்பேன். கடைசியில் போனை அணைத்தே வைத்துவிட்டாள். அவமானமாக இருந்தது. அதைவிட, முகம் தெரியாத அந்த மனிதர்மேல் பொறாமையாக இருந்தது. நான் ரோஷம் பாராட்டிக்கொண்டிருந்த இரண்டு வருஷமும் அவர் தினமும் என் அம்மாவிடம் சாப்பிட்டேன் என்று சொல்லியிருக்கிறார். சொல்லாமல் கொள்ளாமல் போய் வாசலில் நின்றால் யார் என்று கேட்பாளோ என்று பயம் பிடித்துக்கொண்டது.

வேறு வழி தெரியாமல் என் பழைய நம்பருக்கே அடித்தேன்.

“அண்ணே, எங்கம்மாவுக்கு என் கொரலு தெரியல. நான் சாயங்காலம் வர்றேன்னு நீங்கதான் சொல்லணும். போன ஆஃப் பண்ணிட்டாங்க, கொஞ்ச நேரம் கழிச்சு அடிங்க.”

அவர் கேட்டார்.

“உள்ளத சொல்லிடட்டுங்களா, நான் வேற ஆளுன்னு? இல்ல, மவனாவே பேசிச் சொல்லட்டுங்களா?”

கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரே கூட்டம். தங்கள் ஆள் வந்துவிட்டாரா என்று எல்லாரும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“மவனாவே சொல்லிடுங்கண்ணே” என்றேன்.