அத்தைக்கு ஓர் ஆதாரம்

அப்பா ஒருநாள் பெங்களூரிலிருந்து திரும்பியபோது துண்டில் சுற்றிக் கொண்டுவந்தது ஒரு கன்னடப் புத்தகம். அட்டையில் நெருப்புக்கு நடுவே கைகூப்பி நிற்கும் உருவங்கள். அப்பாவுக்குக் கன்னடம் சரளமாகப் பேச வரும். ஓர் எழுத்துகூட வாசிக்கத் தெரியாது. "படிக்கத் தெரியாத பொஸ்தகத்துக்கா இவ்ளோ தூரம் போனீங்க?" என்று அம்மா கேட்டாள். அப்பா சட்டையைக் கழற்றி மாட்டினார்.

ஐம்பதுகளில், தளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் கத்தோலிக்கக் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பங்குச் சாமியார் மாதம் ஒருமுறை வந்து பூசை வைப்பார். மற்ற நாட்களில் செபம் சொல்வதும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்றுக்கொடுப்பதும், சாகிறவர்களின் தலைமாட்டில் உட்கார்ந்து மந்திரம் சொல்வதும் உபதேசியாரான அப்பாவின் வேலை. அவரிடம் இருந்தது ஒரு ஞானோபதேசச் சுவடியும் ஒரு செபப் புத்தகமும்தான். வேதாகமம் ஊரில் எந்தக் கத்தோலிக்கர் வீட்டிலும் கிடையாது. அதைச் சாமியார் வாசித்து நமக்குச் சொல்வார் என்று இருந்துவிட்டோம். சுவடியில் உள்ள கேள்விக்கெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பதில் சொல்வோம். அதில் இல்லாத கேள்வியை யாராவது கேட்டால் திருதிருவென்று விழிப்போம்.

அப்படி ஒரு கேள்வி என் அத்தைக்கு வந்தது. அப்பாவுக்கு ஒரே தங்கை அவள். மாமா கிணறு வெட்டும் இடத்தில் வெடி வைத்த பாறை சரிந்து அங்கேயே போய்விட்டார். கடைசி நேரத்தில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் இல்லை, சாகிறவருக்கு எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதல் இல்லை. குடிப்பவர், பூசைப் பக்கம் வராதவர் வேறு. அவருடைய ஆத்துமம், மோட்சத்துக்குப் போகுமுன் பாவக்கடன் தீர்க்கும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேதனைப்படுகிறது, தான் சொல்லும் செபத்தால் அது ஒருநாள் கரையேறிவிடும் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அத்தை சோறு தின்றாள்.

ஓசூர்ப் பக்கமிருந்து சைக்கிளில் வந்துபோகும் புராட்டஸ்டன்ட் சபைப் போதகர் ஒருவர் துக்கம் கேட்க அவள் வீட்டுக்குப் போனார். செத்தவர்களுக்காகச் செபிப்பதால் பயனில்லை, அப்படி ஓர் இடமே வேதத்தில் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார். கெட்ட மனிதரல்ல, நம்பியதைச் சொன்னார். ஆனால் சொன்ன நேரத்தை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. அத்தை எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தாள். "அண்ணா, நான் சொல்றது அவருக்குப் போய்ச் சேருதா இல்லியா? வேதத்துல இருந்தா காட்டு."

அந்த மாதம் சாமியார் காய்ச்சலில் படுத்துவிட்டார். அப்பா கிருஷ்ணகிரி மாதா கோவிலில் போய்க் கேட்டார். ஒன்பது நாள் சொல்லும் நவநாள் செபத்தாள்களைக் கொடுத்தார்கள். விளக்கம் சொல்லும் தமிழ்ப் புத்தகம் வேண்டுமென்றால் திருச்சிப் பக்கம் எழுதிப்போட்டு வரவழைக்க வேண்டுமாம். பெங்களூரில் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் மட்டுமே இருந்தது. அப்படி வந்ததுதான் அந்தப் புத்தகம்.

பக்கத்து நிலத்துக் கவுடர் கன்னடம் வாசிப்பார். கேழ்வரகுக் களத்தில் உட்கார்ந்து அப்பாவுக்கு வரிவரியாக வாசித்துக் காட்டினார். பக்கத்துக்கொரு தடவை "அர்த்த ஆயித்தா?" என்று, புரிந்ததா எனக் கேட்டுக்கொள்வார். "நாங்க திதி குடுக்கறோம், நீங்க பூசை குடுக்கறீங்க. இதுக்கு எதுக்கப்பா பொஸ்தகம்?" என்று சிரிக்கவும் செய்தார். போரில் மடிந்த வீரர்களுக்காகப் பலி ஒப்புக்கொடுத்த ஒரு தளபதியைப் பற்றிப் பழைய ஏற்பாட்டில் வருகிறது என்று அதில் இருந்தது. வேதாகமத்துக்குள் அது வரும் பகுதியான ஆகமத்தின் பெயரையும் அதிகாரத்தையும் அப்பா மனப்பாடம் செய்துகொண்டார். அன்று வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டில் அக்கம்பக்கத்தாரும் போதகரும் கூடியிருந்தார்கள். அப்பா ஆகமத்தின் பெயரைச் சொன்னதும் போதகர் தம்முடைய வேதாகமத்தை இரண்டு கையாலும் நீட்டினார். "நீங்களே எடுத்துக் காட்டுங்க, ஐயா." அப்பா வாங்கிப் புரட்டினார். முன்னட்டைப் பக்கமிருந்து புரட்டினார், பிறகு பின்னாலிருந்து. அட்டவணையில் விரல் வைத்துத் தேடினார். அத்தை அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், "இதுல இல்ல," என்றார். மழுப்பத் தெரியாத மனிதர். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

சாமியார் அடுத்த மாதம் வந்து கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "உபதேசியாரே, அந்த ஆகமம் அவங்க வேதத்துல கிடையாது. நம்ம வேதத்துலதான் இருக்கு!" வேதாகமம் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று அப்பா நினைத்திருந்தார். ஒன்றைக்கூடக் கையில் எடுத்துப் பார்க்காதவருக்கு வேறெப்படித் தெரியும்? சாமியாரின் புத்தகத்தை வாங்கிக்கொண்டு அத்தையிடம் ஓடினார். அவள் அதைத் தொடவில்லை. "ஒனக்கு ஒரு வேதம், அவருக்கு ஒரு வேதமா? போதும்ணா." அதன்பிறகு அவள் போதகருடைய சபைக்குப் போனாள். மாமாவுக்காக அழுவதையும் நிறுத்திவிட்டாள். அழுதபோதே பரவாயில்லை என்றிருந்தது.

இன்று என் வீட்டில் தமிழில் கத்தோலிக்க வேதாகமம் இருக்கிறது, மறுப்புக்கு மறுப்பு சொல்லும் நூல்கள் அலமாரி நிறைய இருக்கின்றன. என் பேரன் கைப்பேசியில் தட்டினால் நிமிடத்தில் பதில் வருகிறது. எனக்கு எரிச்சல்தான் வருகிறது. எல்லாம் இவ்வளவு தாமதமாக வந்து யாருக்கு என்ன லாபம்?

அப்பா சாகக் கிடந்தபோது அத்தை வந்தாள். "நான் போனப்பறம் எனக்காக ஒரு மந்திரம் சொல்லுவியா?" என்று அப்பா கேட்டார். அத்தை அவர் போர்வையைச் சரிசெய்தாள். "போனப்பறம் சொல்ல மாட்டேண்ணா. பொய்யா சொல்ல எனக்கு வராது. இப்பவே சொல்றேன்." கட்டிலருகே முழங்காலிட்டாள். பகல் முழுக்கச் சொன்னாள், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அண்ணனைக் காப்பாற்றும், மன்னியும், சேர்த்துக்கொள்ளும் என்று குரல் கம்மக் கம்மக் கேட்டுக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் அப்பாவின் மூச்சு நின்றது. அத்தை அந்த வாக்கியத்தை முடிக்காமல் அப்படியே நிறுத்தினாள். எழுந்து போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.