வண்டி ஓடறதுக்கு வேணுமா?

எங்கள் பாஸ்கல் மாமாவைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். குடிக்க மாட்டார். கை நீட்ட மாட்டார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு ஒரு நாளும் பிந்த மாட்டார். என் அக்கா ரோசியைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவளை "ஏய்" என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. இவ்வளவும் தெரிந்தும் அவர் முகத்தைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஏன் என்று சொல்கிறேன், கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

மாமா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவர். மேலே கூண்டில் உட்கார்ந்துகொண்டு, கப்பல் ஏறக் காத்திருக்கும் புதுக் கார்களை வரிசை வரிசையாகப் பார்த்தே ஆசையை வளர்த்துக்கொண்டார். ரிட்டயர் ஆனதும் முதல் வேலையாக, நுங்கம்பாக்கத்தில் ஒரு டாக்டர் வீட்டில் சும்மா நின்றிருந்த பழைய ஜெர்மன் காரை வாங்கி வந்து காலடிப்பேட்டைச் சந்தில் நிறுத்தினார். பாதிச் சந்து அடைந்துபோனது. தெருவே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது.

"யானைய வாங்கிக்கினு வந்துட்டான். தீனி எவன் போடுவான்?" என்று டீக்கடையில் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மாமாவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

தீனி போடாமல் யானை வளர்ப்பது எப்படி என்று அவர் செய்து காட்டினார். ஷோரூம் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பேசின் பிரிட்ஜ் பக்கம் பட்டறை வைத்திருக்கும் அஃப்ரித்திடம்தான் எல்லா வேலையும். சாமான் வேண்டுமென்றால் புதுப்பேட்டையில் பழைய வண்டி உடைக்கிற கடைகளில் வெயிலில் அலைந்து தேடி எடுத்து வருவார். ஆயில், பிரேக், டயர் இந்த மூன்றில் கஞ்சத்தனம் கிடையாது. மற்றபடி அஃப்ரித் எதை மாற்றச் சொன்னாலும் ஒரே கேள்விதான்.

"வண்டி ஓடறதுக்கு அது வேணுமா?"

வேணும் என்றால் செய். வேணாம் என்றால் வுடு. தானாக மூடிக்கொண்டிருந்த டிக்கி கையால் மூடுகிற டிக்கியானது. கதவில் எரிந்த விளக்கு அணைந்தது அணைந்ததுதான். ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் வண்டி மின்னும். பழைய வேட்டியைக் கிழித்து தினம் அவரே துடைப்பார். பெரிய கார் வாங்க ஆசைப்பட்ட பையன்களெல்லாம் அவரிடம் யோசனை கேட்க வந்தார்கள். "வண்டி கேக்கறதெல்லாம் குட்த்துக்கினே இருந்தா அது உன்ன துன்னுடும் நைனா," என்று அவர்களுக்குப் பாடம் எடுப்பார். சிரித்த டீக்கடை வாயை மூடிக்கொண்டது. இதில் என்ன தப்பு என்பீர்கள். ஒரு தப்பும் இல்லை. எங்கள் மாமா கெட்டிக்காரர் என்று நானும்தான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

என் அக்காவுக்கு வீசிங். எங்கள் பக்கத்தில் காலையில் துடைத்த தரையில் மதியம் நடந்தால் உள்ளங்கால் கறுத்துவிடும். நிலக்கரித் தூசியும் கன்டெய்னர் லாரிப் புகையும் சேர்ந்து அப்படி. போதாதற்கு அவள் வீட்டிலேயே பள்ளிக்கூட யூனிபார்ம் தைத்துக்கொண்டிருந்தாள். தையல் மிஷினைச் சுற்றித் துணித்தூசி, விரலில் எப்போதும் நீல நூல். மொட்டைமாடிக்கு ஏறினால் பாதிப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

கார் வந்த வாரம் புழலில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனோம். மாமா கண்ணாடியை ஏற்றி ஏசியைப் போட்டார். கொஞ்ச தூரம் போனதும் அக்கா என் கையைப் பிடித்தாள்.

"ஜூடி, மூச்சு ஃபுல்லா உள்ள போவுதுடி."

சொல்லிவிட்டு அழுதாள். மாமாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு எண்ணூர் வரைக்கும் போய்த் திரும்புவார். பெட்ரோல் போகிறதே என்று அதற்கு மட்டும் அவர் முணுமுணுத்ததே இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். எதிர்வீட்டுக்காரி, "மகாராணி கெளம்பிட்டாங்கோ!" என்று கத்துவாள். அக்கா உள்ளேயிருந்து கையை ஆட்டுவாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு வருஷம்தான்.

அப்புறம் ஏசியில் காற்று குறைந்தது. வண்டியை அஃப்ரித்திடம் கொண்டுபோனார். அங்கே நடந்த பேச்சை அஃப்ரித்தே பின்னால் என்னிடம் சொன்னான்.

"ஏசிக்குள்ள ஒரு ஃபில்டர் கீது நைனா. வெளிய கீற தூசியெல்லாம் அதான் புடிக்கும். அடச்சிக்கிச்சி. புச்சு போட்ருங்கோ."

"அது இல்லாங்காட்டி வண்டி ஓடாதா?"

"ஓடும். ஆனா உள்ள குந்தறவங்களுக்கு..."

"ஓடும்ல? அப்ப வுடு. கழட்டிக் குடு, வூட்ல தொவச்சிக்கிறேன்."

"அது தொவைக்கிற சாமான் இல்ல நைனா."

"துணி மாரிதான கீது? எங்கூட்ல ரோசி தொவைக்காத துணியா?"

ஒரு கிலோ வஞ்சிரம் வாங்குகிற காசு. அவ்வளவுதான் அதன் விலை. வாசலில் கூடைக்காரியிடம் பேரம் பேசாமல் வஞ்சிரம் வாங்குகிற மனுஷன்.

நான் அக்கா வீட்டுக்குப் போனபோது அவள் தோய்க்கிற கல்லில் எதையோ அடித்துக்கொண்டிருந்தாள். டிபன் தட்டு அகலத்துக்கு, விசிறி மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு சாமான். அடிக்க அடிக்கக் கறுப்புத் தண்ணீர் ஓடியது. அவளுக்கு இருமல் நிற்கவில்லை.

"இன்னாக்கா இது கலீஜ்?"

"கார் சாமானாம். உங்க மாமா தொவச்சித் தர சொன்னாரு."

அடித்த அடியில் ஓரம் கிழிந்துவிட்டது. காயப்போட்டு எடுத்ததும், கிழிந்ததைக் கையில் கொடுக்க மனம் வராமல், ஊசி எடுத்து நீல நூலால் நெருக்கி நெருக்கித் தைத்தாள். அவள் கைக்குக் கிழிசல் ஆகாது. மாமா அதை வாங்கிப் பார்த்து, "பாத்தியா ஜூடி, ஷோரூம்காரன் தோத்தான்!" என்றார். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம்.

அதைத் திரும்ப மாட்டினதிலிருந்து வண்டிக்குள் மக்கல் நாற்றம் வந்தது. மாமா கண்ணாடியில் ஒரு சென்ட் பாட்டிலைத் தொங்கவிட்டார். அந்த வாசனைக்கு அக்காவுக்குத் தும்மலும் இளைப்பும் அதிகமானது. சாயங்காலம் கூப்பிட்டால், "இன்னிக்கி வாணாங்க, தலைய வலிக்குது" என்பாள். "உங்க அக்காவுக்குப் பெரிய வண்டி சலிச்சிப்போச்சி," என்று மாமா என்னிடம் கேலி பேசினார். ஒரு வருஷமாக மூச்சுக்காகவே அதில் ஏறினவள் ஏன் இப்போது இறங்குகிறாள் என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. வண்டியில் சின்னதாக ஒரு சத்தம் கேட்டால் தெருவிலேயே படுத்து அடியில் பார்க்கிறவர் அவர்.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் அக்காவுக்கு இழுப்பு வந்தது. மருந்தை உறிஞ்சியும் நிற்கவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம் என்றேன். "அது வர்றதுக்குள்ள நம்ம வண்டி போய்டும்," என்று மாமா அவளைத் தூக்கிப் பின்சீட்டில் என் மடியில் கிடத்தினார். மெயின் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஒரு சக்கரமும் நகரவில்லை.

"கண்ணாடிய எறக்குங்க," என்றாள் அக்கா.

"வெளிய ஒரே பொகை ரோசி. ஏசிலயே இரு, கண்ணு."

"எறக்குங்க. உள்ள முடில."

நான் இறக்கினேன். லாரிப் புகைக்குள் முகத்தை நீட்டிக்கொண்டு என் அக்கா காற்றைத் தேடினாள். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் வந்தபோது அவளுக்கு அது தேவைப்படவில்லை.

அந்தச் சாமான்தான் அவளைக் கொன்றது என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. நுரையீரல் ரொம்ப நாளாகவே பலவீனம் என்றார்கள். இருக்கட்டும். இந்த ஊரில் அவளுக்கு முழுசாக மூச்சு விட இருந்தது ஒரே ஒரு இடம். வெளியே வேட்டித் துணியால் துடைத்துக்கொண்டே அந்த இடத்தை உள்ளே கெடுத்தார். இதை நான் எந்த சாமியாரிடம் போய்ச் சொல்ல?

வருஷ நினைவுப் பூசை முடிந்த பிறகு மாமா வண்டியை விற்பதாகச் சொன்னார். பார்க்க வந்தவன் ரெஜி. நாகர்கோவில் பக்கத்துக் குடும்பம், இங்கே மளிகை மொத்த வியாபாரம். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். எஞ்சினை ஓடவிட்டுச் சத்தத்தைக் கேட்டான்.

"புதுசு மாதிரில்லா இருக்கு! எப்படி அங்கிள் இப்படி வச்சிருக்கீங்க?" என்றான். "ஏசில மட்டும் ஒரு வாடை வருது. அத சரிபண்ணித் தந்தா இப்பவே அட்வான்ஸ் தாரேன்."

மாமா உடனே அஃப்ரித்துக்குப் போன் போட்டார். "அந்த ஃபில்டர் புச்சு ஒண்ணு எட்த்துக்கினு வா பாய்." அந்தக் கேள்வியை இந்தத் தடவை அவர் கேட்கவில்லை. வண்டி ஓடுவதற்கு வேண்டாத சாமான், விற்பதற்கு வேண்டியிருந்தது.

அஃப்ரித் வந்து முன்சீட்டுக்கு எதிரே இருந்த டப்பாவைக் கழற்றி உள்ளே கையை விட்டு இழுத்தான். கரி அப்பின பாளமாக வெளியே வந்தது. தூசியைத் தட்டினான். ஓரத்தில் நெருக்கமாக ஒரு நீலத் தையல் தெரிந்தது.

"இத்த யார் நைனா தெச்சது?" என்று சிரித்தான். மாமா முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

புதியதை மாட்டியதும் ரெஜி உள்ளே உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றினான். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்து, "இப்ப காத்து அருமையா வருது அங்கிள்!" என்றான்.

மாமா அது காதில் விழாதவர் போல, அஃப்ரித் கையிலிருந்த பழையதை வாங்கினார். பெருவிரலால் அந்தத் தையலைத் தடவினார். அதை மார்போடு வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போகத் திரும்பினார். நான் வாசலை மறித்து நின்றேன்.

"தூக்கிப் போடுங்க மாமா," என்றேன். "அது இல்லன்னாலும் வண்டி ஓடும்ல?"