பெரட்டில் கடைசிப் பெயர்

செக்ரோலில் வெட்டப்பட்ட ஆளின் பெயரைப் பெரட்டில் வாசிக்கக்கூடாது. வாசித்தால் வாசித்த கங்காணியே அதற்குப் பொறுப்பு. எங்கள் தோட்டத்து ஆபீஸ் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், பதினான்கு விதிகளில் ஒன்பதாவதாக இது தொங்கியது. பதினொரு வயதில் அந்தப் பதினான்கையும் நான் மனப்பாடம் செய்திருந்தேன். பாடப்புத்தகத்தைத் தவிர, தோட்டத்தில் அச்சடித்த தமிழில் வாசிக்க வேறு எதுவும் இல்லை என்பது ஒரு காரணம். விதி என்று ஒன்று இருந்தால் அது நடக்கும் என்று நம்பியது இன்னொரு காரணம். பிற்பாடு அரசாங்க அலுவலகத்தில் இருபது வருடம் கோப்புகளோடு காலம் தள்ளி, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நாற்பத்துச் சொச்சம் வயதில் பென்ஷன்காரி என்றால் யாரும் நம்புவதில்லை. கொஞ்ச நேரம் பேசிப் பார்த்தால் நம்பிவிடுகிறார்கள்.

பெரட்டு தெரியாதவர்களுக்கு ஒரு வரி. காலையில் வேலைக்கு முன்னால் ஆட்கள் எல்லாரும் களத்தில் கூடி நிற்பார்கள். கங்காணி, ஆட்கணக்கு எழுதும் செக்ரோல் புத்தகத்தைப் பார்த்துப் பெயர் வாசித்து, யார் யார் எந்த மலைக்கு என்று பிரித்துவிடுவார். தலவாக்கலைக்கும் பூண்டுலோயாவுக்கும் நடுவில் இருந்த எங்கள் டிவிசனில் அந்தக் கங்காணி என் தாய்மாமா.

அப்பா கவ்வாத்துக் கத்தி பிடித்தவர். தேயிலைச் செடியை இடுப்பளவுக்குச் சீவி நிறுத்துவதில் அவர் கை சுத்தம் என்பார்கள். அந்தக் கைதான் முதலில் நடுங்கியது. தோட்டத்தில் ஓர் ஆணின் கை நடுங்கினால் அதற்கு எல்லாருக்கும் தெரிந்த காரணம் ஒன்றுதான். அப்பா குடிக்காதவர் என்பது யாருக்கும் பயன்படாத தகவலாக இருந்தது. அடுத்த வருடம் அவர் எட்டு வைப்பது சுருங்கியது. பிறகு வாசற்படி, பாலம், ஆட்கள் நெருங்கி நிற்கும் இடம் எங்கே வந்தாலும் கால் தரையில் ஒட்டிக்கொண்டது. கண்டி பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் அதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர் சொன்னார். மூளையில் சுரக்க வேண்டிய ஏதோ ஒன்று குறைந்துகொண்டே போகிறது, மாத்திரையால் சமாளிக்கலாம், ஆனால் நோய் வர வரக் கூடும், குறையாது என்றும் சொன்னார். அப்படிப்பட்ட கையில் கத்தியைக் கொடுக்க முடியாது. 1994 தொடக்கத்தில் செக்ரோலில் அப்பாவின் பெயர்மேல் சிவப்பு மையால் கோடு விழுந்தது.

அந்த ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய விதிகளையும் நான் மனப்பாடம் செய்தேன். தினமும் ஒரே நேரத்தில், மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்த பிறகு நடக்க வேண்டும். எட்டை நீளமாக வைக்க வேண்டும், கையை வீச வேண்டும். கால் ஒட்டிக்கொண்டால் யாரும் இழுக்கக்கூடாது. நின்று, மூச்சு விட்டு, உடம்பைப் பக்கவாட்டில் அசைத்துவிட்டுப் பிறகு எட்டு வைக்க வேண்டும். கிளினிக்குக்கு பஸ் வேண்டாம், ரயில்தான். மாத்திரை பையில் அல்ல, சட்டைப் பையில். மாத்திரையோடு, இவருக்கு இன்ன நோய் என்று சிங்களத்தில் டாக்டர் எழுதிய துண்டும் இருக்க வேண்டும். கடைசி விதிக்கு அந்த யுத்த வருடங்களில் விளக்கம் தேவைப்படவில்லை. சோதனைச் சாவடியில் கை நடுங்க நிற்கும் தமிழ் ஆளைப் பார்த்து இது நரம்பு வியாதி என்று எந்தச் சிப்பாயும் முதலில் நினைக்கப்போவதில்லை.

எல்லாம் சரி, அப்பா நடக்கத்தான் மறுத்தார். எங்கள் தோட்டத்தில் காரியம் இல்லாமல் நடந்தது இரண்டே பேர், மேனேஜர் துரை வீட்டு அம்மாவும் அவருடைய நாயும். வேலையில்லாத ஆம்பளை காலங்காத்தால கையை வீசிக்கிட்டு ரோட்டில போனா என்னான்னு நெனப்பாங்க என்று அம்மாவிடம் கேட்டுவிட்டு, தொழிலாளர் வரிசை வீடான லயத்து அறையில் அடுப்புப் பக்கமே உட்கார்ந்துகொண்டார்.

பெரட்டுக்களம் எங்கள் லயத்துக்கு நேர் கீழே. ஒருநாள் காலை மாமா எல்லாப் பெயரையும் வாசித்து முடித்து, புத்தகத்தை மூடாமல், கடைசியாக அப்பாவின் பெயரை வாசித்தார். தாத்தா பெயர் முன்னால், அப்பா பெயர் பின்னால், அதற்குப் பின் செக்ரோல் நம்பர், எப்போதும் போல. அப்பா அடுப்படியிலிருந்து எழுந்தார். பதினெட்டு வருடம் அந்தக் குரலுக்கு எழுந்த உடம்பு அது. படியிறங்கிக் களத்துக்குப் போய், "வந்தேங்க" என்றார்.

"ஆறாம் நம்பர் மலை எல்லைக் கல்லு இருக்கான்னு பாத்துட்டு வாங்க."

"நேத்து இருந்துச்சுங்க."

"இன்னைக்கி இருக்கான்னு கேட்டேன்."

களம் முழுக்கச் சிரித்தது. அப்பா போனார். முக்கால் மைல் நடந்து, கல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, கல் இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தார். மறுநாளும் அதுவே. மூன்று மாதம் அந்தக் கல் காணாமல் போகவே இல்லை.

எனக்கு அந்தச் சிரிப்பு மட்டும்தான் கேட்டது. பள்ளிக்கூடத்தில் கூட இருந்த பிள்ளைகள், கல்லு நல்லா இருக்கா, காச்சல் கீச்சல் வந்துச்சா என்று என்னைக் கேட்க ஆரம்பித்தார்கள். மாமா என் அப்பாவை வைத்து ஊரைச் சிரிக்கவைக்கிறார் என்று முடிவு செய்தேன். அந்தத் தவணை தமிழ்ப் பாடத்தில் முறைப்பாட்டுக் கடிதம் நடந்துகொண்டிருந்தது என்பது மாமாவின் துரதிர்ஷ்டம். ஐயா என்று தொடங்கி, பொருள் எழுதி, அடியில் கோடு போட்டு, ஒன்பதாம் விதி மீறப்படுவதைத் துரையின் மேலான கவனத்துக்குக் கொண்டுவந்து, "நியாயம் விரும்பும் தொழிலாளி" என்று கையெழுத்திட்டு, ஆபீஸ் வாசல் பெட்டியில் போட்டேன். லயங்களில் பாதிப் பேருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பவள் நான்தான் என்பதோ, அந்தக் கையெழுத்தைத் தோட்டத்தில் அடையாளம் தெரியாதவர் கிடையாது என்பதோ எனக்குத் தோன்றவில்லை.

பிற்காலத்தில் நான் பார்த்த எந்த அலுவலகமும் ஒரு கடிதத்தின்மேல் அவ்வளவு விரைவாக நடவடிக்கை எடுத்ததில்லை. மூன்றாம் நாள் காலை கண்டாக்கு ஐயா, அதாவது கங்காணிகளுக்கு மேலே இருந்த வெளிக்கள உத்தியோகத்தர், மாமாவின் பக்கத்தில் நின்று புத்தகத்தைப் பார்த்தார். இன்னொரு முறை நடந்தால் கங்காணி வேலை போய்விடும் என்று களத்திலேயே சொன்னார். மாமா வெட்டப்படாத பெயர்களை மட்டும் வாசித்தார். அப்பா எங்கள் வாசலில் சட்டை மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். ஆட்கள் மலைக்குக் கலைந்து போனார்கள். அப்பா கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

நீதி நிலைநாட்டப்பட்ட பிறகு என்ன நடக்கும் என்று பாடப்புத்தகத்தில் இல்லை. நடந்தது இது. ஒரு வாரத்தில் அப்பாவின் முதுகு வளைந்தது. நாற்காலியிலிருந்து எழ அம்மா வேண்டியிருந்தது. பைப்படியில் ஒருமுறை கால் ஒட்டி, மேல் உடம்பு மட்டும் முன்னே போய் விழுந்தார். பதினேழு நாட்கள் அப்படி. பதினெட்டாம் நாள் கண்டி கிளினிக்.

கொழுந்து லொறியின் முன் சீட்டில் தலவாக்கலை ஸ்டேஷன்வரை போனோம். அப்பா, அம்மா, மாமா, நான். ரயில் வந்ததும் மாமா முதலில் ஏறி இடம் பிடித்தார். அப்பா பெட்டியின் படிக்கு முன்னால் வந்து நின்றார். கால் ஒட்டிக்கொண்டது. பின்னால் ஆட்கள் தள்ளினார்கள். அம்மா பயத்தில் எல்லாப் பாடத்தையும் மறந்துவிட்டு அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அப்பாவின் உடம்பு முன்னால் சாய்ந்தது. கால் இருந்த இடத்திலேயே இருந்தது. படிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் இருந்த இருட்டான இடைவெளியை நான் பார்த்தேன். கார்ட் பச்சைக் கொடியை எடுத்தவர், அதை விரிக்காமல், "ஹெமின், ஹெமின்" என்று சிங்களத்தில் அவசரப்படாமல் ஏறச் சொன்னபடி எங்களை நோக்கி வந்தார். ரயில் அங்கே நிற்பது சில நிமிடம். அதைத் தவறவிட்டால் அடுத்த கிளினிக் மூன்று மாதம் கழித்து.

மாமா வாசலுக்கு வந்தார். அம்மாவைக் கையை விடச் சொன்னார். பிறகு பெரட்டுக்களத்துக் குரலில், பிளாட்பாரம் முழுக்கத் திரும்பிப் பார்க்க, தாத்தா பெயரையும் அப்பா பெயரையும் நம்பரையும் வாசித்தார்.

அப்பாவின் தலை நிமிர்ந்தது. "வந்தேங்க" என்றார். வலது கால் தூக்கிக்கொண்டு நீளமாக ஓர் எட்டு வைத்தது. இடது காலும் கூடவே போய்விட்டது. கார்ட் கொடியை விரித்தார்.

கண்டியில் மிஸ் அப்பாவை நான்கு எட்டு நடக்கவைத்துப் பார்த்தார். "போன முறை பாத்த ஆள் இல்லையே இவர். நடக்கிறதை ஏன் விட்டவர்?" என்று கேட்டார். பெரட்டில் பெயர் வாசிக்கக்கூடாது என்று உத்தரவு வந்துவிட்டதாக மாமா சொன்னார். அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. சும்மா நடக்க மாட்டேன் என்கிறாரே என்று மாமா முன்பே மிஸ்ஸிடம் யோசனை கேட்டிருக்கிறார். காலுக்குப் பழகின சத்தம் ஏதாவது இருந்தால் அதைக் கொண்டு கூப்பிட்டுப் பாருங்கள் என்று சொன்னவர் மிஸ்தான். ஆட்களிடம் மாமா முதலிலேயே சொல்லிவைத்திருந்தார். அப்பாவின் பெயர் வரும்வரை ஒருவர்கூடக் களத்தை விட்டு நகரக்கூடாது, அப்போதுதான் அது பெரட்டாக இருக்கும் என்று.

"ஆர் இந்த விசர் வேலை பாத்தது?" என்று மிஸ் கேட்டார்.

மாமா மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தார். "தெரியலைங்க மிஸ்," என்றார்.

திரும்பி வந்த மறுநாளே இரண்டாவது கடிதம் எழுதினேன். இந்த முறை சொந்தப் பெயரில். முதல் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாமல், நோயாளியின் உடற்பயிற்சிக்காக ஒன்பதாம் விதியைத் தளர்த்தும்படி கேட்டிருந்தேன். ஆபீஸ் வழக்கமான வேகத்துக்குத் திரும்பியிருந்தது. பதில் இல்லை. ஒரு மாதம் கழித்து நினைவூட்டல் எழுதினேன். பிறகு இரண்டாவது நினைவூட்டல். அரசாங்க வேலைக்கு எனக்குக் கிடைத்த முதல் பயிற்சி அது.

மாமா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கிளினிக்கிலிருந்து வந்த அந்த வாரமே, கண்டாக்கு ஐயா பக்கத்தில் நிற்க, புத்தகத்தில் இருந்த கடைசிப் பெயரையும் வாசித்தார். புத்தகத்தை மூடினார். கக்கத்தில் இடுக்கினார். "பெரட்டு முடிஞ்சுதுங்க ஐயா," என்று அறிவித்தார். பெரட்டில்தானே வாசிக்கக்கூடாது. அதற்குப் பிறகு அப்பாவைக் கூப்பிட்டார். எண்பது பேரில் ஒருவரும் நகரவில்லை. கண்டாக்கு ஐயா மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார். அப்பா எல்லைக் கல்லைப் பார்த்துவிட்டு வரும்வரை வானத்தையே பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பதால், ஒரு கட்டத்தில் அவரும் தன் வேலைக்குப் போய்விட்டார்.

அது ஒன்பது வருடம் நடந்தது. நோய், டாக்டர் சொன்னபடியே கூடியது. எல்லைக் கல்வரை இருந்த நடை தேயிலை ஸ்டோர் வளைவுவரை ஆனது. ஸ்டோர் வளைவு கோயில் மரமானது. கடைசியில் கைத்தடியோடு களத்தைச் சுற்றி இரண்டு நடை. கிளினிக் எதையும் அவர் தவறவிடவில்லை. தலவாக்கலை ஸ்டேஷனில் வந்து மாறிப்போன கார்ட்களில் பலருக்கு அப்பாவின் செக்ரோல் நம்பர் தெரிந்திருந்தது. கண்டாக்குகள் மாறினார்கள், துரைமார் மாறினார்கள். புதிதாக வந்தவர்கள், பெரட்டு முடிந்த பிறகு ஒரு பெயர் கூப்பிடுவது இந்தத் தோட்டத்து வழக்கம் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு காலையும் எண்பது பேர், மழையிலும் பனியிலும், மூன்று நிமிடம் அதிகமாக நின்றார்கள். அவர்களில் ஒருவருக்கும் நான் நன்றி சொன்னதில்லை. அதற்கான படிவம் என்னிடம் இருக்கவில்லை.

பிறகு ஒரு துரை, பழைய கோப்புகளை ஒழித்துக் கட்ட வேண்டும் என்று நினைத்தார் போலிருக்கிறது. எனக்கு ஒரு தடித்த உறை வந்தது. என் 1994ஆம் ஆண்டுக் கடிதம் பரிசீலிக்கப்பட்டதாகவும், மேற்படி நபரின் பெயரைப் பெரட்டில் வாசிக்க இத்தால் அனுமதி வழங்கப்படுவதாகவும் அதில் எழுதியிருந்தது. அப்பா அன்று காலையும் களத்தைச் சுற்றிவிட்டு வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

அனுமதியோடு கோப்பில் இருந்த தாள்களையும் இணைத்திருந்தார்கள். என் முதல் கடிதம். அதன்மேல் மாமாவின் வாக்குமூலம்: கூப்பிட்டது நான்தான், தெரிந்தேதான் கூப்பிட்டேன். அதன்கீழே அப்பாவின் வாக்குமூலம். அவர் பெரட்டுக்குப் போகாமல் அடுப்படியில் இருந்த அந்தப் பதினேழு நாட்களில் ஒருநாள் தேதியிட்டது. நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரமாக இருக்க வேண்டும். ஆபீஸுக்கு எழுபது படி ஏற வேண்டும். யார் கூப்பிட்டு அவர் ஏறினார் என்று தெரியவில்லை. அந்த நோயில் கையெழுத்தும் எட்டு வைப்பதைப் போலவே போகப்போகச் சிறுத்துவிடும். முதல் வரி ஓரளவு தெரிந்தது. இரண்டாம் வரியை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த்தான் வாசித்தேன்.

"இந்தக் கடிதம் எழுதியது யார் என்று எனக்குத் தெரியாது. என் மகளுக்கு இவ்வளவு நன்றாக எழுத வராது."

இருபது வருட வேலையில் எத்தனையோ வாக்குமூலங்களைக் கோப்பில் சேர்த்திருக்கிறேன். இதைப் போல அப்பட்டமான பொய் ஒன்றையும் பார்த்ததில்லை. அதை ஏற்றுக்கொண்டு, கேள்வி கேட்காமல் முத்திரை குத்திய கிளார்க்கின் தாயாருக்கும் கடிதங்களை நான்தான் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். யாருக்கும் தெரியாது என்று அந்தப் பதினொரு வயதுப் பிள்ளை ஒன்பது வருடம் நம்பிக்கொண்டிருந்தாள்.

உறை எங்கள் லயத்துக்கு வந்து சேர்ந்தது 2003 மார்ச் 4, செவ்வாய்க்கிழமை.