பிந்தி வந்த பதில்

அலுவலகத்தில் அவளுக்குச் சண்டைக்கோழி என்று பெயர். வைத்த புண்ணியவான் மேலாளர். மொழி தெரியாத இடத்தில் நோயாளியாகக் கிடப்பவர்களுக்கும் டாக்டர்களுக்கும் நடுவே, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அவர் சொல்வதை இவருக்கும் இவர் சொல்வதை அவருக்கும் மாற்றிச் சொல்வது அவள் பிழைப்பு.

சண்டை புதுப் பூட்டால் வந்தது. இணையத்தில் போகும் பேச்சை யாரும் ஒட்டுக்கேட்கக் கூடாதாம். பேச்சைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொன்றையும் பூட்டி, பேசியவர் இன்னார் என்று முத்திரை குத்தி, தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிச் சரிபார்த்த பிறகுதான் எதிர்முனைக்கு விட்டார்கள். துண்டைவிட முத்திரை கனம். இருந்த நோஞ்சான் இணைப்பில் குரல் நொண்டி நொண்டிப் போனது.

"பூட்டு வேணாம்னு சொல்லல சார். எதுக்கு ஊரைச் சுத்தி அனுப்புறீங்க? நான் சொல்றது போய்ச் சேர்றதுக்குள்ள டாக்டர் அடுத்த கேள்விக்குப் போயிடறாரு."

"நீ நீட்டி முழக்கினா அப்படித்தான் ஆகும். ஆமா, இல்லைன்னு ஒத்தை வார்த்தையில சொல்லு. இனிமே அதான் உத்தரவு."

அந்த ஆளை அறையலாம் போலிருந்தது. வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னபடி செய்தாள்.

அன்று வேலைத்தளத்தில் மயங்கி விழுந்த ஒருவனைத் தூக்கி வந்திருந்தார்கள். ஊரிலிருந்த அவன் மனைவியைத் தொலைபேசியில் சேர்த்தார்கள்.

"சர்க்கரை இருக்கா?" என்றார் டாக்டர். இவள் மனைவியிடம் கேட்டாள். இல்லை என்று பதில் வந்தது. "இல்லை" என்றாள் இவளும். அது போய்ச் சேருவதற்குள், காத்திருக்கப் பொறுமையில்லாத டாக்டர், "எந்த மருந்தாவது ஒத்துக்காதா?" என்று கேட்டுவிட்டார். கேட்டு முடித்த பிறகுதான் முதல் கேள்விக்கான 'இல்லை' அவர் காதில் விழுந்தது. இரண்டுக்கும் அதுதான் பதில் என்று எடுத்துக்கொண்டு, "சரி" என்று இணைப்பைத் துண்டித்தார்.

இங்கே இரண்டாவது கேள்வி அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது. இவள் அதையும் கேட்டாள்.

"ஐயோ, பெனிசிலின் ஒத்துக்காது அக்கா! முன்ன ஒருதடவை மூச்சே நின்னு போச்சு."

அவள் மறுபடி அழைத்தாள். கடவுச்சொல் கேட்டது. போட்டாள். கைபேசிக்கு வரும் எண்ணைக் கேட்டது. போட்டாள். மேலாளர் அனுமதி கேட்டது. அவர் இருக்கையில் இல்லை. அலறிக்கொண்டு ஓடி, மாடிப்படியில் அவரைப் பிடித்து அனுமதி வாங்கினாள். எதிர்முனையில் நர்ஸ் எடுத்தாள். "பெனிசிலின் ஊசியா? போட்டு முடிச்சாச்சே."

அவன் அன்றே செத்துப்போனான்.

விசாரணையில் மருத்துவமனைப் பக்கத்துப் பதிவைப் போட்டார்கள். ஒத்துக்காத மருந்து உண்டா என்று டாக்டர் கேட்கிறார். அடுத்து இவள் குரல்: இல்லை. முத்திரை குலையவில்லை, யாரும் கைவைக்கவில்லை, குரல் அவளுடையதேதான் என்று தொழில்நுட்ப அதிகாரி சான்று கொடுத்தார்.

"நம்ம பக்கத்துல பதிவானதைப் போடுங்க சார்! எது முதல்ல, எது பின்னாலன்னு அதுல தெரியும்!"

"பாதுகாப்புக்காக இங்க எதையும் பதிவு பண்றதில்ல," என்றார் மேலாளர். அந்த முகத்தில் ஒரு சின்ன வருத்தம்கூட இல்லை.

அவளை வெளியே அனுப்பிவிட்டு, ஊரிலிருந்து வரவழைத்திருந்த செத்தவன் மனைவிக்கு அதே பதிவைப் போட்டுக் காட்டினார்கள். வேறொரு மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் உட்கார்ந்து, டாக்டர் கேட்டதையும் இவள் சொன்னதையும் அந்தப் பெண்ணுக்கு ஒரு வார்த்தை விடாமல் விளக்கினார்.