மூடியைச் சுரண்டிய சாவி

பால் கொழுப்பில் செய்தது ஐஸ்கிரீம். பாமாயில் மாதிரி ஏதாவது எண்ணெய் சேர்த்துச் செய்தது ஃப்ரோசன் டெசர்ட். கடையில் இரண்டும் ஒரே ஃப்ரீசரில், ஒரே மாதிரி டப்பாவில் கிடக்கும். மூடியில் இருக்கும் எழுத்தைப் படித்தால்தான் எது எதுவென்று தெரியும்.

இதைத் தெரிந்துகொண்டதோடு நான் நிறுத்தியிருக்கலாம். பொங்கலன்று அக்கரையில், பம்பூஃப்ளாட்டில் மச்சான் வீட்டில், அதாவது என் மனைவியின் அண்ணன் வீட்டில், சொந்தம் அத்தனையும் கிண்ணமும் கையுமாக உட்கார்ந்திருந்தபோது, டப்பாவைத் தூக்கிப் பிடித்துப் படித்துக் காட்டினேன். நாக்கில் கரைந்தால் ஐஸ்கிரீம், மேலண்ணத்தில் மெழுகாக ஒட்டினால் டெசர்ட் என்று விளக்கமும் கொடுத்தேன். அதோடு விட்டேனா? மச்சான் நம் எல்லோருக்கும் எண்ணெய்க் குளியல் ஏற்பாடு செய்திருக்கிறார் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், மச்சானைத் தவிர.

மூன்று மாதம் அவர் என்னிடம் பேசவில்லை. போகப் போகத் தங்கைக்குப் போன் செய்வதும் குறைந்தது. மற்ற உறவெல்லாம் மெயின்லேண்டில். இந்தத் தீவில் அவளுக்கென்று இருப்பது அந்த ஓர் அண்ணன்தான். அவர் பிறந்தநாள் வந்தது. சமைத்துக் கொடுக்கக் காலை ஃபெர்ரிப் படகிலேயே கிளம்பியவள், வாசலில் நின்று சொன்னாள்:

"நல்ல ஐஸ்கிரீமாப் பாத்து வாங்கிட்டு வாங்க. வாயை மட்டும் வீட்டுலயே வெச்சுட்டு வாங்க."

மெயின்லேண்டிலிருந்து சரக்குக் கப்பல் வந்து பத்து நாளாகியிருந்தது. கடை கடையாக ஏறினேன். ஃப்ரீசர்களில் கோழியும் பட்டாணியும்தான் இருந்தன. நான்காவது கடையில் வங்காளிக் கடைக்காரர் அடியில் கையை விட்டு ஒரு டப்பாவை எடுத்தார். "ஆக்ரி ஹை, லே லோ" என்றார். கடைசி டப்பா. ஃபெர்ரிக்கு ஐந்து நிமிடம்தான் இருந்தது. நாளிதழில் சுற்றி வாங்கிக்கொண்டு சாத்தம் ஜெட்டிக்கு ஓடினேன்.

படகு நகர்ந்த பிறகுதான் பிரித்துப் பார்த்தேன். ஃப்ரோசன் டெசர்ட்.

கடலில் போட்டுவிடலாமா என்று நினைத்தேன். வெறுங்கையோடு போனால் மனைவி என்னையே கடலில் போட்டுவிடுவாள். வேறு வழி தோன்றவில்லை. வீட்டுச் சாவியை எடுத்து அந்த எழுத்துகளைச் சுரண்ட ஆரம்பித்தேன். ஐம்பத்திரண்டு வயது அரசு ஊழியன், படகில் குந்தி உட்கார்ந்து டப்பாவைச் சுரண்டுகிறேன். எதிரே மீன்கூடையோடு இருந்த அம்மாள் கூடையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். கரை வருவதற்குள் 'ஃப்ரோசன்' போய்விட்டது. 'டெசர்ட்'டில் சாவி உள்ளே இறங்கி மூடி ஓட்டையானது.

ஓட்டையைக் கட்டைவிரலால் மூடியபடியே மச்சானிடம் நீட்டினேன். அவர் இழுத்தார். நான் விடவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். குளிரில் விரல் மரத்து நழுவியது. மச்சான் மூடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த சாவியையும் பார்த்தார். சமையலறை வாசலில் மனைவி கரண்டியோடு அப்படியே நின்றாள்.

மச்சான் உள்ளே போய், ஒரு பெரிய கிண்ணம் நிறையப் போட்டுக்கொண்டு வந்து முதலில் என் கையில் கொடுத்தார்.

"எண்ணெய் போதுமா மாப்ளே, இன்னும் கொஞ்சம் ஊத்தவா?"

மனைவிதான் முதலில் சிரித்தாள். பிறகு அண்ணனும் தங்கையும் சேர்ந்து நெடுநேரம் என்னைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். பதில் சொல்ல நிறைய இருந்தது. ஆனால் மூன்றாவது கிண்ணம் ஓடிக்கொண்டிருந்தது. மேலண்ணம் முழுக்க மெழுகு. வாயைத் திறக்காமல் தின்றேன்.