இல்-பிசார் வீதியில நான் நூத்த லைட்

ஆண்டவர் பேரால எழுதுறதில பொய் கலக்க ஏலாது. அதால முதல்லயே சொல்லிடுறன், நான் ஒரு பயந்தாங்கொள்ளி. ரோட்டில என்னைப் பாத்தவங்க நம்ப மாட்டீங்க. கனடாவுக்கு வந்து பழைய கார் ஒண்டு வாங்கின நாளில இருந்து, இருட்டினா பெரிய லைட்டைப் போட்டுத்தான் ஓடுவன். எதிர்ல வாறவன் குறைக்கச் சொல்லி லைட் அடிச்சுக் காட்டுவான். "கண் கூசினா நீ வீட்ட இரடா" எண்டு ஏசிக்கொண்டே போவன். என்ட மனிசி ரஞ்சி பக்கத்தில இருந்து தலையில அடிச்சுக்கொள்ளுவா.

உண்மையில எனக்கு இருட்டெண்டாப் பயம். மட்டக்களப்பில அரிசி ஆலை வேன் ஓடின ஆள் நான். இருட்டுக்குள்ள டோர்ச் ஆடினா அது ஆமி செக்பொயின்ற். ஹெட்லைட்டை நூர்க்க வேணும், அதாவது அணைக்க வேணும், வேனுக்குள்ள இருக்கிற லைட்டைப் போட வேணும், கை ரெண்டும் ஸ்டியரிங்கில இருக்க வேணும். ஒருக்கா நூர்க்கப் பிந்திப் போச்சு. சுட்டாங்கள். முன்கண்ணாடி சல்லி சல்லியாப் போச்சு, நான் தப்பினது அவர் கிருபை. அதுக்குப் பிறகு கை தானாப் பழகிட்டு.

தொண்ணூறுகளின்ட நடுவில, ஒரு மார்கழி வியாழக்கிழமை. மொன்ட்ரியால்-நோரில இருந்து இல்-பிசாரில ஒரு சகோதரர் வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போறம். பின்னேரம் அஞ்சரைதான், ஆனா கும்மிருட்டு. பனி கொட்டுது. பெரிய லைட்டுக்கு முன்னால வெள்ளைச் சீலை கட்டினமாதிரி ஒண்டும் தெரியேல்ல. "குறைங்களன்" எண்டு ரஞ்சி சொன்னா. "எனக்குத் தெரியும், நீ சும்மா இரு" எண்டன். பின்சீற்றில நாலு வயசு மகள் ஷாமினி பாடிக்கொண்டு வாறாள்.

ஒரு வளைவால திரும்பின உடன, முன்னால டோர்ச் ஆடிச்சு.

ஐயோ, நான் எங்க நிக்கிறன் எண்டதே மறந்து போச்சு. ஹெட்லைட்டை நூத்தன். உள் லைட்டைப் போட்டன். எஞ்சினை நிப்பாட்டினன். நடு ரோட்டில, கை ரெண்டையும் ஸ்டியரிங்கில வச்சுக்கொண்டு அப்பிடியே இருக்கிறன். பின்னால எரியிற சிவப்பு லைட்டும் அதோட நூந்து போச்சு.

"என்னப்பா செய்றீங்க? லைட்டைப் போடுங்க! இஞ்ச ஆமி இல்ல!" ரஞ்சி குளறினா. எனக்குக் கேக்குது. கை அசையேல்ல. அப்ப பின்னால ஒரு இரைச்சல். நிலம் அதிருது. பனி வழிக்கிற லொறி வருது. "பப்பா, பூர்க்குவா?" ஏன் எண்டு பிள்ளை பிரெஞ்சில கேக்கிறாள். அவள்தானே பின்னால இருக்கிறாள். முதல்ல அடிபடப் போறது என்ட பிள்ளை.

நான் சபையில அரை மணித்தியாலம் நிண்டு ஜெபிக்கிற ஆள். அண்டைக்கு வாயில வந்தது இவ்வளவுதான்: "இயேசப்பா, என்ட கையை அசையப் பண்ணும்." சத்தியமாச் சொல்றன், ஆரோ கையைப் பிடிச்சு எடுத்தமாதிரி இருந்தது. லைட் சுவிட்சைத் திருகிட்டன்.

ஹோர்ன் காதைப் பிளந்தது. லொறி சறுக்கிற சத்தம். கண்ணை மூடிட்டன். பிறகு ஒரு சத்தமும் இல்ல. திரும்பிப் பாத்தா, லொறியிட இரும்பு அலகு பின்கண்ணாடிக்கு நேர நிக்குது. ரெண்டு முழம் இருக்காது. ஷாமினி அழவும் மறந்துபோய் இருக்கிறாள்.

லொறி றைவர் ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினான். நான் என்ன செய்தன் தெரியுமே? அடையாள அட்டையை எடுத்து நீட்டினன். அந்த வெள்ளைக்காரன் அட்டையைப் பாத்தான், என்னைப் பாத்தான். ஏசப் போறான் எண்டு நினைச்சன். ஏசேல்ல. தோளில கை வச்சான். டோர்ச் ஆட்டினது ஒரு வயசான அம்மா. அவட கார் சறுக்கிப் பனிக்குள்ள இறங்கி, உதவி கேட்டு நிண்டிருக்கிறா. அவட காரையும் அவன்தான் இழுத்து விட்டான்.

ரஞ்சிக்குப் பிரெஞ்சு கொஞ்சம் தெரியும். எங்களை எப்பிடிக் கண்டாய் எண்டு அவனிட்டக் கேட்டா. "வளைவில எதிர்ல ஆர் வருவாங்களோ தெரியாது, அவங்கட கண் கூசப்படாது எண்டு லைட்டைக் குறைச்சனான். குறைச்சபடியாத்தான் பனிக்குள்ளால உங்கட சிவப்பு தெரிஞ்சுது" எண்டானாம்.

நான் ரோட்டிலேயே குந்தியிருந்து அழுதன். என்ட வாய் திறக்க முதலே ஆண்டவர் அவன்ட கையால லைட்டைக் குறைச்சு வச்சிட்டார். முன்பின் தெரியாத ஒருத்தருக்காக அவன் குறைச்சான். நான் ஆருக்குக் குறைச்சன்? எத்தினை பேரிட கண்ணைக் கட்டி விட்டிருப்பன்? அவங்கட காரிலயும் பின்சீற்றில பிள்ளைகள் இருந்திருக்கும்தானே.

இண்டைக்கும் பயம் முழுசாப் போகேல்ல. எங்கயாவது டோர்ச் ஆடினா கை சுவிட்சுக்குப் போகும், ரஞ்சி பிடிச்சுக்கொள்ளுவா. ஆனா தூரத்தில ஒரு கார் தெரிஞ்ச உடன லைட்டைக் குறைச்சிடுவன். "அப்பா, இவங்களும் வீடு போய்ச் சேரட்டும்" எண்டும் சொல்லுவன். ஏசின வாய் இது.

சகோதரங்களே, பயந்து நடுங்கிறவன்ட ஒத்தை வரி ஜெபத்தையும் அவர் கேக்கிறார், நம்பிக் கூப்பிடுங்க. இருட்டில கார் ஓடேக்க எதிர்ல வாறவனுக்கு லைட்டைக் குறைச்சு விடுங்க. எங்கயோ ஒருத்தர் அழுது கேட்ட ஜெபத்துக்கு ஆண்டவர் அனுப்பின பதிலா அவன் போய்க்கொண்டிருக்கலாம்.